நீரும் துறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'துறை' என்னும் தமிழ்ச்சொல் மூன்று இடங்களில் ஆளப்படுகிறது. ஆற்றிலும் குளத்திலும் மனிதர் இறங்குவதற்கென்று அமைந்த இடம் துறை. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணையை அடுத்துக் குறிக்கப்பெறும் பொருட்பகுப்பும் துறை. அரசாங்கத்தின் அலுவற்பிரிவும் துறை. நீராடுவோர்க்கும் பாவலர்க்கும் அலுவலர்க்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது எண்ணத்தக்கது. பரந்து கிடக்கும் ஒன்றினுள் இறங்குவதற்கு ஏற்றதோர் இடம் வேண்டும் என்னும் கருத்தே மூன்றிலும் ஊடுருவி நிற்கிறது. கற்றுத் தேர்ந்தவரைத் 'துறைபோகியவர்' என்பதும் இக்கருத்துப் பற்றியே. மயிலாடுதுறை, திருவாவடுதுறை, பெருந்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை என ஊர்களே துறையால் பெயர் பெற்றன. ஆறும் கடலும் எவ்வளவு நீண்டு கிடந்தாலும் மக்கள் கூடியது இறங்க முடிந்த இடத்தில்தான்.

இவ்வுரையின் பொருள் நீர் அன்று, துறை. நீர் எல்லோர்க்கும் பொது என்று கூறுவது எளிது. சட்டமாக எழுதுவதும் அரிதன்று. ஆயின் கரை முழுவதும் தனியாருடையதாக இருக்க, நடுவிலுள்ள நீர் மட்டும் பொது என்றால் அந்தப் பொதுமையினால் யாருக்கு என்ன பயன்? துறை இல்லாத பொதுநீர் வெறுஞ்சொல்லாகவே நின்றுவிடும். ஒரு மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய வேண்டுமானால், அதற்குத் தக்க சான்றாக அமைவது அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலுள்ள விஸ்கான்சின். படகு இறக்கும் துறையை மக்கள் உரிமையாக எண்ணி, அதனைத் தேடுவதற்கும் அமைப்பதற்கும் காப்பதற்கும் சட்டமும் நிதியும் ஒதுக்கியிருக்கும் மாநிலம் அது. அந்தத் துறைகளிலேயே மனிதன் மனிதனைக் கல்லால் எறிந்த வரலாறும் அதற்கு உண்டு. ஆகவே அதன் கதை முழுமையான பாடமாக அமைகிறது.

விஸ்கான்சின் ஏரிகளின் நிலம். பனியூழிக்காலப் பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் நிறைந்து, இன்று 15,000-க்கு மேற்பட்ட ஏரிகள் அங்கே உள்ளன. வடக்கே சுப்பீரியர் பேரேரி. கிழக்கே மிச்சிகன் பேரேரி. மேற்கெல்லையில் மிசிசிப்பிப் பேராறு. இந்நீர்களிடையே மனிதர் எவ்வாறு பயணம் செய்தனர் என்பதிலிருந்தே அந்நாட்டுச் சட்டம் பிறந்தது.

1673-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் மார்க்கெட்டும் வணிகர் ஜோலியேவும் கனூ என்னும் ஒடுங்கிய படகுகளில் ஃபாக்ஸ் ஆற்றின் வழியே மேலேறி வந்தனர். அந்த ஆறு பேரேரிகளை நோக்கிப் பாய்வது. அதற்கு மிக அருகிலேயே மிசிசிப்பியை நோக்கிப் பாயும் விஸ்கான்சின் ஆறு ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மைல் சதுப்புநிலம். படகையும் சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டு அதனைக் கடந்து, மறுபுறம் மீண்டும் நீரில் இறங்கினால் அட்லாண்டிக் பக்கத்து நீரிலிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்குச் செல்லும் நீருக்கு மாறிவிடலாம். அந்த இடத்தை அவ்விருவருக்கும் காட்டியவர்கள் மயாமி என்னும் பழங்குடியைச் சேர்ந்த இருவர். பயணிகளின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்; துறை காட்டியவர்களோ 'மயாமி வழிகாட்டிகள் இருவர்' என்ற அளவில்தான் நிற்கின்றனர். அவ்விடத்தில் எழுந்த ஊருக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். படகைச் சுமந்து செல்லும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். தமிழ் ஊர்கள் துறையால் பெயர் பெற்றதுபோல, அந்த ஊர் இரண்டு துறைகளுக்கு இடைப்பட்ட நடையால் பெயர் பெற்றது.

இந்த நடை சட்டத்திலும் இடம்பெற்றது. 1787 ஜூலை 13 அன்று அமெரிக்கக் காங்கிரசு வடமேற்கு நிலப்பகுதிக்கென ஓர் ஆணைச் சட்டம் இயற்றியது. மிசிசிப்பிக்கும் செயின்ட் லாரன்சுக்கும் செல்லும் நீர்வழிகளும், அவற்றிடையே படகைச் சுமந்து செல்லும் இடங்களும் பொது நெடுஞ்சாலைகளாகவும் என்றென்றும் வரியின்றித் திறந்தனவாகவும் இருக்கும் என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறிற்று. நீரை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தாமல், நீருக்கும் நீருக்கும் இடையிலுள்ள நிலத்தையும் சேர்த்தனர். நீரை அடையும் வழி அடைபட்டால் நீர்வழியும் அடைபடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1848-இல் விஸ்கான்சின் மாநிலமாக உருவானபோது, நீர்வழிகள் என்றும் பொது என்னும் இவ்விதி அதன் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

எழுதிய விதியை உயிருள்ளதாக்கியவை வழக்குகள். எந்த நீர் 'படகு செல்லத்தக்க நீர்' என்பதே முதற் கேள்வி. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசென்ற காலம் அது. மரக்கட்டை மிதக்கக்கூடிய ஓடையும் பொதுநீரே என்று 1877-இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1898-இல், தனியார் சங்கம் ஒன்று தனதென்று உரிமை கொண்டாடிய வில்லோ ஆற்றில் படகிலிருந்து மீன்பிடித்த ஒருவர்மீது வழக்கு வந்தது. மீன்பிடித்தலும் பொது உரிமையே என்று தீர்ப்பாயிற்று. 1914-இல் படகிலிருந்து காட்டு வாத்து வேட்டையாடிய ஒருவரின் வழக்கிலும் நீதிமன்றம் பொதுமக்கள் பக்கமே நின்றது. பிழைப்புக்கான கட்டுமரத்திலிருந்து உணவுக்கான மீனுக்கும், மீனிலிருந்து பொழுதுபோக்குக்கும் உரிமை விரிந்துகொண்டே வந்தது.

1952-ஆம் ஆண்டின் தீர்ப்பு கவிஞர்கள் நிறைந்த இவ்வவைக்கு உரியது. நமெக்காகன் என்னும் ஆற்றில் மின்னாக்க அணை கட்ட அனுமதி கோரப்பட்டது. அணையை எதிர்த்தவர்கள் ஆற்றங்கரையில் ஓரடி நிலமும் தம்முடையது என்று வாதிடவில்லை. ஆறு குடிமக்கள் அனைவருடையது என்றே வாதிட்டனர். நீர்வழிகளில் பொழுதுபோக்கும் உரிமையும், அவற்றின் இயற்கையழகைத் துய்க்கும் உரிமையும் சட்டத்தால் காக்கத்தக்க உரிமைகள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அழகு என்பது கவிஞனின் உள்ளத்தில் மட்டும் வாழும் பொருளன்று, வழக்காடிக் காக்கத்தக்க பொதுச்சொத்து என்று ஒரு நீதிமன்றம் கூறியது சிறிய செய்தி அன்று. 1975-இல் இன்னும் ஓரடி சென்றது. ஆண்டு முழுவதும் நீர் ஓட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் முறையாக வரும் வெள்ளக்காலத்திலேனும் மிக ஆழங்குறைந்த ஒரு கனூ மிதக்குமாயின் அது பொதுநீர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவுக்கும் பின்னர் ஓர் இடர் எஞ்சியது. விஸ்கான்சினில் இயற்கை ஏரிகளின் படுகை மக்களுக்காக அரசின் பொறுப்பில் இருப்பது. ஆயின் கரை அவ்வாறன்று. பெரும்பாலான ஏரிக்கரைகள் வீட்டுமனைகளாகவும் விடுமுறை இல்லங்களாகவும் தனியாரிடம் உள்ளன. நீரில் இருக்கும் வரையில் ஒருவரை யாரும் தடுக்க முடியாது. நீரிலிருந்து கரையேறி மணலில் நின்றால் அவர் பிறர் நிலத்தில் அத்துமீறியவர் ஆகலாம். குறுக்கே விழுந்த மரம் போன்ற தடைகளைச் சுற்றிச் செல்வதற்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே அங்குப் படகோட்டிகளிடையே ஒரு பாடம் வழங்குகிறது: காலை நனைத்தே வை. கால் நனைந்திருக்கும் வரையில் நீ குடிமகன். கால் உலர்ந்தால் அயலான்.

நீர் பொது, கரை தனியார், எனில் முதலில் காலை நனைப்பது எப்படி? பிறர் நிலத்தின் வழியே நடந்துசென்று பொதுநீரில் இறங்குவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. பொதுவழி ஒன்றின் மூலமாகவே இறங்க வேண்டும். இவ்விடத்தில்தான் துறையின் அருமை விளங்குகிறது. ஏரிக்கரையில் வீடு வாங்க வல்லவர்க்குத் துறை தேவையில்லை; அவர் வீட்டு முற்றமே துறை. நகரத்துச் சிறுவீட்டில் வாழ்ந்து, பழைய படகொன்றைக் கொட்டகையில் வைத்திருப்பவர்க்குத் துறைதான் ஏரி. துறை உண்டெனில் ஏரி உண்டு. இல்லையெனில் சாலையிலிருந்து மரங்களிடையே தெரியும் நீலக்கீற்று மட்டுமே அவருக்கு உரியது.

இதனை உணர்ந்து அம்மாநிலம் இரண்டு விதிகளை வகுத்தது. முதலாவது, படகு செல்லத்தக்க ஏரி அல்லது ஆற்றின் கரையில் நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், பொதுச்சாலையோடு இணைந்ததாய் 60 அடிக்குக் குறையாத அகலமுள்ள பொதுவழியை நீர்வரையில் விட வேண்டும். கரையோரமாக அளந்தால் அரை மைலுக்கு ஒன்றேனும் அத்தகைய வழி இருத்தல் வேண்டும். வேறு ஏற்பாட்டுக்கு உரிய அதிகாரிகள் இசைந்தாலன்றி இது பொதுவிதி. இரண்டாவது, நீருக்குச் செல்லும் பழைய சாலை அல்லது சந்து ஒன்றை ஊராட்சி கைவிட எண்ணினால், மாநில இயற்கை வளத்துறையின் இசைவு இன்றி அது செல்லாது. குதிரைவண்டிக் காலத்தில் யாரோ மாட்டுக்கு நீர்காட்டவோ மரம் இறக்கவோ வெட்டிய ஒரு சாலைமுனை, இன்று ஓர் ஏழைப் படகோட்டியின் வாயிலாக நிற்பது இவ்விதியால்தான். பக்கத்து மனைக்காரர் அங்கே வேலி போட்டுப் புல்வளர்த்துத் தமதாக்கிக்கொள்ளும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. அவ்வாசைக்கு எதிராகவே இவ்விதி நிற்கிறது.

மாநிலம் முழுவதும் துறை தேடுவோர் எவ்வாறு தேடுகின்றனர் என்பதும் அறியத்தக்கது. இயற்கை வளத்துறை ஈராயிரத்துக்கு மேற்பட்ட பொதுத்துறைகளை வரைபடத்தில் குறித்து மக்களுக்கு வழங்குகிறது. பெயரை மட்டும் கண்டு புறப்படுவோர் ஏமாற்றமடைவர். துறையின் வகையை அறிய வேண்டும். காரின் பின்னே டிரெய்லரில் படகைக் கொண்டுவந்து நேரே நீரில் இறக்குவதற்கான சாய்தளம் ஒருவகை. வண்டியை மேலே நிறுத்திவிட்டுச் சிறுபடகைக் கையால் தூக்கிச் சென்று இறக்குவதற்குரிய துறை மற்றொருவகை. சிறிய ஏரிகளில் பின்னதே மிகுதி. பெரிய விசைப்படகுகள் வந்து சிற்றேரியைக் கலக்காமல் அதுவே ஓர் அரணாகவும் அமைகிறது. அடுத்து, டிரெய்லர் வண்டிகள் எத்தனை நிற்க இடமுண்டு என்று பார்ப்பர். நிறுத்த இடமில்லாத துறை பாதித் துறையே. பட்டியலில் விடுபட்ட துறைகளைத் தேடுவோர், பழைய வட்டாரப் படங்களை விரித்துவைத்து, நீல நிறத்தைத் தொட்டு முடியும் சாலைகளை விரலால் தடவிச் செல்வர். சாலை நீரைத் தொடும் இடத்தில் பொது உரிமை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

துறையை அறிந்தால் போதாது; நீரையும் அறிய வேண்டும். அம்மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளுள் மிகப் பெரியது வின்னபேகோ. 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய அவ்வேரியின் மிக ஆழமான இடமே 21 அடிதான். பரப்பு மிகுந்து ஆழம் குறைந்த நீரில் காற்று விரைவில் அலையை எழுப்பும். துறையில் அமைதியாகத் தோன்றும் நீர் நடு ஏரியில் சிறுபடகைக் கவிழ்க்கவும் கூடும். குளிர்காலத்தில் அதே ஏரி உறைந்து, பனிக்கட்டியின்மீது வண்டிகள் ஓடும். பிப்ரவரியில் ஸ்டர்ஜன் என்னும் தொன்மையான பெருமீனை ஈட்டியால் பிடிக்க மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டுக் காத்திருப்பர். கோடையில் படகு இறங்கிய சாய்தளத்தின் வழியே குளிர்காலத்தில் வண்டிகள் இறங்கும்.

சாய்தளம் என்பதும் எளிய கட்டுமானம் அன்று. நூறு அடி நீளத்துக்கு 12 முதல் 15 அடி வரை இறங்கும் சரிவே ஏற்றது என்பது பொறியாளர் துணிபு. சரிவு குறைந்தால் படகு மிதப்பதற்குள் காரின் சக்கரம் நீரில் மூழ்கும். மிகுந்தால் ஏறும்போது சக்கரம் வழுக்கும். வழுக்காதிருக்கக் கான்கிரீட்டில் குறுக்குவரிகள் இடுவர். நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டிலும் பயன்படும்படி தளத்தை நீருக்கடியில் நெடுந்தொலைவு நீட்டுவர். டிரெய்லரில் ஏற்றும்போது எந்திரத்தை முழுவேகத்தில் முடுக்குவோர், அதன் விசையால் தளத்தின் முனைக்கு அப்பால் பள்ளம் தோண்டிவிடுகின்றனர். பின்னர் வருவோரின் சக்கரம் அப்பள்ளத்தில் விழுகிறது. ஒருவரின் அவசரம் மற்றொருவரின் அச்சாணியை முறிக்கிறது.

இத்துறைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு நயம் உண்டு. 1950-இல் இயற்றிய கூட்டரசுச் சட்டம் ஒன்றால் தூண்டில்கோல் முதலிய மீன்பிடி கருவிகளின்மீதான வரித்தொகை மாநிலங்களுக்கு மீன்வளம் பெருக்கப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1984-இல் அச்சட்டம் விரிவடைந்தபோது விசைப்படகு எரிபொருளின் வரியும் சேர்ந்தது. பெறும் தொகையில் ஒரு பங்கைப் படகுத்துறைகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் விதித்தனர். முதலில் நூற்றுக்குப் பத்தாக இருந்த அப்பங்கு 1998-இல் பதினைந்தாக உயர்ந்தது. கடையில் தூண்டில் வாங்கும் சிறுவனும், தான் என்றும் காணாத ஓர் ஏரியின் சாய்தளத்துக்கு ஒரு பிடி சிமெண்டு ஈந்தவன் ஆகிறான்.

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கும். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிச்சிப்பி என்னும் சிறிய அயல்நாட்டுச் சிப்பி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கடல்கடந்து வந்த கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றி வந்த நீரோடு அது வந்து சேர்ந்தது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை. படகின் அடியில் தேங்கிய நீரோடு அவை மற்றோர் ஏரிக்குச் செல்லும். யூரேசிய மில்ஃபாயில் என்னும் நீர்ச்செடியோ, டிரெய்லரில் சிக்கிய ஒரு துண்டிலிருந்தே புதிய ஏரியில் வேரூன்றிவிடும். ஆகவே துறையை விட்டு நீங்குமுன் படகை நோக்கி, ஒட்டிய செடியையும் உயிரையும் அகற்றி, நீரை முழுவதும் வடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தன்னார்வத் தொண்டர்கள் வாரயிறுதிகளில் துறைகளில் நின்று இதனை வருவோர்க்கு எடுத்துரைக்கின்றனர். எல்லோர்க்கும் திறந்த வாயில் தீமைக்கும் திறந்திருக்கும். அதற்காக வாயிலை அடைப்பதில்லை, வாயிலில் ஒருவர் விழித்திருக்கிறார்.

இதுவரை கூறியவை விஸ்கான்சினின் பெருமை. அதன் மறுபக்கமும் கூறப்பட வேண்டும்.

வட விஸ்கான்சினின் ஏரிகள் ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்களின் தாயகம். 1837-ஆம் ஆண்டு, 1842-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் அவர்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். ஆயின் அந்நிலங்களிலும் நீர்களிலும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி சேர்க்கவும் தமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. காலப்போக்கில் மாநிலம் அதனை மறந்தது. 1974-இல் ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே உறைந்த ஏரியில் மீன்பிடித்த ஒஜிப்வே சகோதரர் இருவர் பிடிக்கப்பட்டனர். வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. 1983-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமை உயிரோடிருப்பதாகத் தீர்ப்பளித்தது.

வசந்தத்தில் பனி உருகியதும் வால்ஐ என்னும் மீன் முட்டையிடக் கரையோரம் வரும். இரவில் விளக்கொளியில் ஈட்டியால் அதனைப் பிடிப்பது ஒஜிப்வே மரபு. அவர்களுடைய ஊர்களுள் ஒன்றுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே 'தீவட்டி ஏரி' என்று பொருள்படும் லாக் டு ஃபிளாம்போ. தீர்ப்புக்குப் பின்னர் அவர்கள் அம்மரபைத் தொடரப் படகுகளோடு வந்த இடம் எது? பொதுப் படகுத்துறை. அவர்களைத் தடுக்கக் கூட்டம் திரண்டதும் அங்கேதான். 1980-களின் பிற்பகுதியில் ஏப்ரல் மே மாத இரவுகளில் நூற்றுக்கணக்கானோர் துறைகளில் கூடி வசைமொழிகளைக் கூவினர், கற்களை எறிந்தனர். குடும்பத்தோடு வந்தவர்கள் காவலர்கள் சூழ நீரில் இறங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குத் துணையாக, கையில் எதுவுமின்றிச் சாட்சிகளாக மட்டும் வந்து நின்ற வேற்றினத்தவரும் இருந்தனர் என்பது அந்த இருளில் ஓர் ஒளி.

'அவர்கள் மீனையெல்லாம் அழித்துவிடுவார்கள்' என்பதே கூட்டத்தின் கூற்று. கூட்டரசும் மாநிலமும் பழங்குடியினரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் அறிக்கை 1991-இல் வெளிவந்தது. ஈட்டி மீன்பிடிப்பு மீன்வளத்தை அழிக்கவில்லை என்று அது காட்டியது. அவ்வாண்டே துறைகளில் தொல்லை தருவதைக் கூட்டரசு நீதிமன்றம் தடைசெய்தது. எதிர்ப்பும் படிப்படியாகத் தணிந்தது. பழங்குடியினரே மீன்குஞ்சுப் பண்ணைகள் நடத்தி ஏரிகளில் குஞ்சுகளை விடுகின்றனர். அவை வளர்ந்து எவருடைய தூண்டிலில் சிக்கும் என்று யார் அறிவார்?

நீர் பொது என்று 1787-லேயே எழுதிய நாடு. அழகையும் உரிமையாக ஏற்ற மாநிலம். ஆயினும், அந்நீருக்கு மிக மூத்த உறவினர் துறையில் வந்து நின்றபோது 'உனக்கு இங்கு என்ன வேலை' என்று கேட்டவர்கள் அம்மாநிலத்தின் குடிமக்களே. துறையைக் கட்டுவது கான்கிரீட்டால் ஆகும்; துறையைப் பொதுவாக்குவது கான்கிரீட்டால் ஆகாது.

இதனை வேற்றுநாட்டுக் குறையாக மட்டும் காண்பதற்கில்லை. 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகள் எல்லோர்க்கும் திறந்தவை எனத் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்ததாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்தது, படியில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து சென்று, படியிறங்கி, ஒரு கை நீர் அள்ளிப் பருகிய பின்னரே அச்சொற்களுக்குப் பொருள் உண்டாயிற்று. அதற்குப் பின்னும் தாக்குதலும் வழக்கும் தொடர்ந்தன. 1937-இல்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இந்தக் கை நீரும், விஸ்கான்சின் இரவில் கல்மழைக்கிடையே இறங்கிய படகும் ஒரே கேள்விக்கு விடைகள்: துறை யாருக்கு?

சட்டத்தின் வழியாகவும் இந்தியாவுக்கும் அந்நாட்டுக்கும் ஓர் இணைப்பு உண்டு. ஓடும் நீரும் கடற்கரையும் இயற்கையால் எல்லோர்க்கும் பொது என்பது ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த உரோமச் சட்டநூல் கூறும் கருத்து. அதன் வழியில், நீர்நிலைகள் அரசின் உடைமை அல்ல, மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-இல் மிச்சிகன் ஏரி பற்றிய வழக்கொன்றில் நிலைநாட்டியது. 1996 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்துப் பியாஸ் ஆற்றங்கரை பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஆராய்ந்து, அக்கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்திலும் ஒரு பகுதியே என்று அறிவித்தது. ஆகவே ஆறும் ஏரியும் இங்கும் மக்கள் பொருட்டுக் காக்கப்பட வேண்டியவை. ஆயின் துறைகள்? ஊர்தோறும் எத்தனை படித்துறைகளில் முள் முளைத்திருக்கிறது, எத்தனை வாய்க்கால் வழிகளில் வேலி விழுந்திருக்கிறது என்பதை அவையோர் தத்தம் ஊரை நினைந்து எண்ணிக்கொள்ளலாம்.

இறுதியாகப் பாவலர்க்கு ஒரு சொல். மொழியும் ஒரு பொதுநீர். அதன் படுகை எவர் பெயரிலும் பதிவாகவில்லை. ஆயினும் அதன் கரைகளில் படிப்பென்றும் பிறப்பென்றும் பழக்கமென்றும் வேலிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. முதற்கவிதையைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு, எங்கே இறங்குவது என்று அறியாமல் சாலையோரத்தில் நிற்கும் இளைஞனுக்கு மொழி பொது என்று கூறிப் பயனில்லை. துறை எங்கே என்று காட்ட வேண்டும். இலக்கிய வட்டம் ஒன்றின் பணி அதுவே. பத்தாண்டு ஒரு துறை தூர்ந்துபோகாமல் இருப்பது எளிய செயலன்று. சரிவு வழுக்காமல் இருக்க வேண்டும். முன் வந்தவரின் வேகம் பின் வருவோர்க்குப் பள்ளம் தோண்டாமல் இருக்க வேண்டும். மூத்த உரிமையுடையவர் வரும்போது கல் எழாமல் இருக்க வேண்டும். புதியவர் வரும்போது 'நீ யார்' என்னும் கேள்வி எழாமல் இருக்க வேண்டும்.

ஆற்றைப் படைப்பது மனிதர் கையில் இல்லை. துறையைத் திறந்துவைப்பது அவர்கள் கையில் உண்டு. வட்டத்தின் துறை என்றும் திறந்திருப்பதாக.